தண்ணியில்லாக் காட்டுக்கு வெள்ளக் காப்பீடா?

கேள்வி: ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் வடகடல் பக்கம், கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே எங்கள் வீடு இருக்கிறது. 2019-ல் வங்கிக் கடன் வாங்கிக் கட்டினோம். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். நானும் இரண்டு பிள்ளைகளும் இங்கே இருக்கிறோம். 2024 நவம்பர் மழையில் வீட்டுக்குள் ஒரு அடித் தண்ணீர் நின்றது. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், மெத்தை, பீரோவின் அடித்தட்டில் இருந்த துணிமணி எல்லாம் போயிற்று. எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம். இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, வீட்டுக்கு 45 லட்சம் என்று மதிப்புப் போட்டு, பத்து வருடத்துக்கும் சேர்த்து 21,000 ரூபாய் கட்டிவிட்டால் புயல், வெள்ளம் எதற்கும் கவலையில்லை என்கிறார். மாமனாருக்கு இதில் விருப்பமில்லை. "64 புயலைப் பார்த்தவன் நான். அப்படிக் கடல் வந்தா வீடும் இருக்காது, பத்திரமும் இருக்காது. சும்மா மழைக்கு எதுக்கு இம்புட்டுக் காசு?" என்கிறார். கடன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் என்று வங்கியில் ஒரு தொகை பிடித்த ஞாபகம் இருக்கிறது. மறுபடி கட்ட வேண்டுமா? அடுத்த வருடம் கணவர் வந்ததும் மாடி எடுக்கிற எண்ணமும் உண்டு. கரையை ஒட்டியிருக்கும் மாமனாரின் ஓட்டு வீட்டுக்கும் சேர்த்து எடுக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுங்கள். ஆனால் அந்த ஏஜென்ட் போட்ட கணக்கில் வேண்டாம். 45 லட்சம் தேவையில்லை, 26 லட்சம் போதும். பத்து வருடமும் வேண்டாம், இப்போதைக்கு ஒரு வருடம். மாமனார் வீட்டுக்கு என் பதில் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளம் வடிந்த வீடுகளுக்குள் போய்ச் சேதத்தைக் கணக்கெடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது என் தொழில். பாலிசி விற்பது என் வேலையில்லை. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எனக்கு லாபமோ நஷ்டமோ கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாமனார் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு தனுஷ்கோடியில் நடந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. கடல் ஏறத்தாழ ஏழு மீட்டர் எழும்பியதாகச் சொல்கிறார்கள். பயணிகளோடு வந்த ரயில் அப்படியே போயிற்று. அதன்பின் அரசு அந்த ஊரையே குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டது. பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல். அப்படிப்பட்ட இடத்தில் புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீருக்குக் கீழே இறங்க இடமில்லை, மேலேதான் ஏறும். 2004 சுனாமியில் இலங்கை மறைத்துக்கொண்டதால் நம் கரை பெரும்பாலும் தப்பியது. புயலுக்கு அந்த மறைப்பு நிச்சயமில்லை. 64-ல் வந்த புயலே இலங்கையைக் கடந்துதான் வந்தது. 2020 டிசம்பரில் புரெவியும் அதே வழியாக மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்தது. பாம்பனுக்குப் பக்கத்தில் வந்து வலுவிழந்தது நம் அதிர்ஷ்டம்.

ஆனால் "அப்படிக் கடல் வந்தால் பத்திரமும் இருக்காது" என்று அவர் சொல்வதுதான் சரியில்லை. பத்திரம் உங்கள் பீரோவில் இல்லாவிட்டால் என்ன? கம்பெனியின் கணினியில் இருக்கிறது, உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறது, குவைத்தில் கணவரின் கைபேசியில் இருக்கிறது. வீடு தரைமட்டமாகும் நாள்தான் காப்பீடு தன் காசுக்கு உழைக்கும் நாள். சின்னச் சின்ன சேதத்துக்கு அது அவ்வளவு சாமர்த்தியமான கருவி என்று நான் சொல்ல மாட்டேன்.

"சும்மா மழை" என்று அவர் சொல்வதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் ராமநாதபுரம் மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்று கேலி பேசிப் பேசி நாமே அதை நம்பிவிட்டோம். மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை 82 சென்டிமீட்டர் அளவில்தான். 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பாதி வருட மழை ஒரே நாளில். சாதாரண மழையை மணல் குடித்துவிடும், அதனால்தான் தீவில் யாரும் வடிகாலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே வந்து நிற்கும்போது, மணல் எங்கே குடிக்கும்? அதோடு கடலில் ஏற்றம் இருந்துவிட்டால் வாய்க்கால் தண்ணீரும் போகாது. இன்னொன்று: தெருவுக்கு மேலே தெருவாகப் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்திருக்கும், 2019-ல் இரண்டு படி ஏறி நுழைந்த உங்கள் வீட்டுக்கு இப்போது எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். மழை அதிகம் பெய்யாமலே அடுத்த முறை தண்ணீர் உள்ளே வரக்கூடும்.

இதைப் படிக்கும் ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை, தேவிபட்டினம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தண்ணீர் வேறு. அங்கே பயம் கண்மாய். நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பேர்பெற்ற ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக உபரித் தண்ணீர் பாய்ந்தால், அல்லது எங்கேனும் கரை உடைந்தால், உங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாமலே தண்ணீர் வரும். வைகைத் தண்ணீர் வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பும் வருடத்திலும் இதே கதைதான். பாலிசியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று அது பார்ப்பதில்லை.

சரி, பாலிசிக்கு வருவோம். வீட்டுக் காப்பீட்டில் 2021 ஏப்ரல் 1 முதல் ஆயுள் அல்லாத காப்பீடு விற்கும் எல்லா நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. கம்பெனிப் பெயர் முன்னால் ஒட்டியிருக்கும், உள்ளே வாசகம் ஒன்றுதான். தீ, இடி, நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது என்று எல்லாம் இதற்குள் வந்துவிடும். வெள்ளத்துக்கு என்று தனியாகக் கூடுதல் பணம் கேட்டால், என்ன பாலிசி கொடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வேறு இடத்தில் இருக்க வாடகையும் இதில் உண்டு. நிறையப் பேர் கவனிக்காத ஒரு வரியும் இருக்கிறது: வெள்ளம், புயல் நடந்த ஏழு நாளுக்குள் வீட்டில் திருட்டுப் போனாலும் அது சேதத்தில் சேரும். வீட்டைப் பூட்டிவிட்டுப் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகிற நம் ஊருக்கு இது வேண்டிய விஷயம்.

இதை வாங்கச் சொல்லி எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கடன் ஒப்பந்தத்தில் வேண்டுமானால் நிபந்தனை இருக்கலாம்.

கடலோரத்தில் இருப்பவர்கள் பாலிசி எதற்குக் கொடுக்கும் என்பதைவிட எதற்குக் கொடுக்காது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். நிலம் இறங்குவதைப் பற்றிய பகுதியில் ஒரு விலக்கு வரும்: கடல் அரிப்பும் ஆற்று அரிப்பும் சேராது. ஒரே இரவில் புயல் வந்து சுவரைத் தள்ளினால் பணம் உண்டு. வருடத்துக்கு இரண்டடி என்று கடல் கரையைத் தின்று, கடைசியில் அஸ்திவாரம் தொங்கி வீடு சாய்ந்தால் கிடையாது. அதேபோல உப்புக் காற்றில் கம்பி துருவேறிக் கான்கிரீட் பொரிந்து விழுவதும் தேய்மானக் கணக்கு, அதற்கும் ஒன்றும் வராது. கடல் தண்ணீர் கலந்த மணலை வைத்துக் கட்டிய சுவர் என்றால் மழை வெறும் சாக்குதான். என்னைப் போன்ற ஆட்கள் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தே சொல்லிவிடுவோம்.

மின்சாதனங்களில் இன்னொரு சிக்கல். ஷார்ட் சர்க்யூட், வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் கருகிப்போனதற்குப் பணம் இல்லை, தண்ணீர் புகுந்து கெட்டதற்கு உண்டு. மழை நின்று கரண்ட் வந்ததும் அவசரப்பட்டு ஃபிரிட்ஜைப் போட்டு, அது புகைந்துபோகும் வீடுகள் ஏராளம். நான் போனால் ஃபிரிட்ஜைத் திருப்பி, பின்பக்கம் கீழே கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கும் தகட்டைத்தான் முதலில் பார்ப்பேன். தண்ணீர் ஏறியிருந்தால் அங்கே மெல்லிய வண்டல் கோடு படிந்திருக்கும், நம் பக்கம் என்றால் வெள்ளையாக உப்பும் பூத்திருக்கும். அந்தக் கோடு இருந்தால் விவாதமே கிடையாது. வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில் அதைப் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தால்தான் சங்கடம். ஆகவே தண்ணீர் புகுந்த பொருளை மெக்கானிக் பார்க்கும் முன்பு போட வேண்டாம், மதிப்பீட்டாளர் பார்க்கும் முன்பு துடைக்கவும் வேண்டாம்.

இப்போது தொகை. ஏஜென்ட் சொன்ன 45 லட்சத்தில் உங்கள் மனையின் விலையும் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மனையை வெள்ளம் அடித்துக்கொண்டு போகாது, அப்படிப் போனாலும் அதற்குப் பாலிசி இல்லை. கணக்கு இப்படிப் போடப்பட வேண்டும்: சுவருக்குள் இருக்கும் தரைப்பரப்பு எத்தனை சதுர அடி, அதை இன்று புதிதாகக் கட்ட ஒரு சதுர அடிக்கு என்ன செலவு, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை. உங்கள் வீடு 1,100 சதுர அடி என்றும், உங்கள் கொத்தனார் 2,200 ரூபாய் கேட்கிறார் என்றும் வைத்துக்கொண்டால் 24 லட்சத்து 20 ஆயிரம். மணல், ஜல்லி எல்லாம் பாலம் தாண்டி வரும் தீவில் செலவு கூடும், எனவே கொத்தனாரிடம் இன்றைய விலையைக் கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். இதோடு காம்பவுண்டுச் சுவர், தண்ணீர்த் தொட்டி, வெளியே இருக்கும் கழிவறை ஆகியவற்றின் செலவையும் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிடுவார்கள், வெள்ளத்தில் முதலில் சாய்வது அந்தக் காம்பவுண்டுச் சுவராகத்தான் இருக்கும். அதற்கெல்லாம் ஒன்றே முக்கால் லட்சம் என்றால் மொத்தம் 26 லட்சம் ஆகிறது.

கூடுதலாகப் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 45 லட்சத்துக்குப் பாலிசி எடுத்து வீடு முழுக்கப் போனாலும், கட்ட ஆகும் செலவைத்தான் தருவார்கள். மிச்சத்துக்குக் கட்டிய பிரீமியம் கடலில் கரைத்த பெருங்காயம்.

வீட்டுச் சாமான்களுக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேர்ந்துவிடும். 26 லட்சத்துக்கு 5 லட்சத்து 20 ஆயிரம். உங்கள் வீட்டுக்கு அது தாராளம். நகைக்கு என்று விருப்பத்தின்பேரில் ஒரு பகுதி உண்டு. வெள்ளத்துக்காக அதை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, நகையைத் தண்ணீர் கெடுப்பதில்லை. வங்கி லாக்கரோ, கழுத்தோ போதும். ரொக்கமும் பைக்கும் சாமானில் சேராது. ஆடு, படகு, வலை எல்லாவற்றுக்கும் வேறு வேறு பாலிசி. மாமனாருக்குப் படகு இருந்தால் அதை வீட்டுப் பாலிசியில் நுழைக்கப் பார்க்காதீர்கள்.

வங்கியில் பிடித்த தொகை எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டில் ஒன்றாக இருக்கும். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு ஒன்று. அதற்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை, வீடு இடிந்தாலும் அது அசையாது. இன்னொன்று கட்டடத்துக்கான தீ விபத்துப் பாலிசி. உங்கள் கடன் 2019 என்பதால் அது பழைய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பழைய பாலிசிகளில் புயல், வெள்ளப் பகுதியை விலக்கிவிட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ள இடம் இருந்தது. அப்படி விலக்கியிருந்தால் உங்களுக்கு அதனால் பயனில்லை. விலக்காமல் இருந்தாலும் கடன் தொகைக்கு மட்டும் எடுத்திருப்பார்கள். அதில்தான் வினை. கடன் 12 லட்சம், கட்டடம் 24 லட்சம் என்று வையுங்கள். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு, எனவே 4 லட்சம் சேதமானால் 2 லட்சம்தான் தருவார்கள். 'பாரத் கிருஹ ரக்ஷா'வில் இந்த விகிதாசார வெட்டு கிடையாது. குறைத்து எடுத்திருந்தாலும் எடுத்த தொகை வரைக்கும் முழுச் சேதத்தையும் கொடுத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பாலிசியில் ஆகப் பெரிய நன்மை இதுதான்.

ஆகவே வங்கிக்குப் போய், "இன்சூரன்ஸ் போட்டிருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "போட்டிருக்கிறதம்மா" என்ற பதிலோடு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். பாலிசியின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கணவர் பெயரில் கடன் என்றால் அவர் மின்னஞ்சலில் கேட்கலாம். நகலில் முடிவுத் தேதியைப் பாருங்கள். கடன் 15 வருடம், பாலிசி 5 வருடம் என்று பாதியில் முடிந்துபோனவை நிறைய. புதிதாக எடுக்கும் பாலிசியிலும் வங்கியின் பெயர் ஏறும், இழப்பீடு முதலில் அவர்கள் கைக்குத்தான் போகும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

பத்து வருடப் பாலிசி தப்பில்லை. நீண்ட காலத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி தருவார்கள், கட்டடத் தொகையும் கூடுதல் பிரீமியம் இல்லாமல் வருடத்துக்கு 10 சதவீதம் தானாக ஏறும். ஆனால் நீங்கள் மாடி எடுக்கப் போகிறீர்கள். தரைப்பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், கம்பெனியிடம் சொல்லிச் சேர்க்காத பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை. மாடிக்குப் பிறகு கணக்கு முழுக்க மாறும் என்பதால்தான் ஒரு வருடம் என்கிறேன். ஏஜென்ட் சொன்ன விகிதத்தையே வைத்துப் பார்த்தால் 26 லட்சத்துக்கு வருடத்துக்கு 1,200 ரூபாய்ச் சொச்சம் வருகிறது. தள்ளுபடி போய்க் கொஞ்சம் கூடட்டும். இன்னும் இரண்டு கம்பெனிகளிடம், அதில் ஒன்று அரசுக் கம்பெனியாக இருக்கட்டும், இதே 26 லட்சத்தைச் சொல்லி விலை கேளுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். சேதத்தில் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை ஏதாவது உண்டா, வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் என்ன நிபந்தனை, இந்த இரண்டையும் பத்திரத்தில் காட்டச் சொல்லிப் படியுங்கள். பிள்ளைகளின் விடுமுறைக்கு நீங்கள் குவைத் போய் வருவீர்கள் அல்லவா?

விண்ணப்பத்தில் இதற்கு முன் வெள்ளம் வந்திருக்கிறதா என்று கேட்டிருந்தால், 2024 நவம்பரில் வந்தது, ஒரு அடி நின்றது என்று எழுதுங்கள். "அதெல்லாம் எழுதினா பிரீமியம் ஏறிரும்க்கா, இல்லைனு போட்ருவோம்" என்பார் ஏஜென்ட். ஏறினால் ஏறட்டும். மறைத்தது தெரிந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம், அந்தத் தண்ணீர்க் கறை உங்கள் சுவரிலேயே இருக்கிறது. படிவத்தை அவரிடம் கையெழுத்துப் போட்டு வெற்றாகக் கொடுக்காமல் நீங்களே நிரப்புங்கள். வெயில் காலத்திலேயே இதை முடித்துவிடுவது நல்லது. வானிலை மையம் புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடினால் கம்பெனிகள் பிடிகொடுக்காது.

இவ்வளவு பணம் கட்ட வேண்டுமா, அரசு கொடுக்காதா என்று உங்கள் மனதில் ஓடலாம். 2023-ல் மிக்ஜாம் புயலுக்கும், அந்த டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்துக்கும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். 2024 ஃபெஞ்சல் புயலுக்கு 2,000. வீடு சேதத்துக்கு 2022–26 காலப் பேரிடர் நிவாரண விதிப்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், பகுதி சேதமான கான்கிரீட் வீட்டுக்கு 6,500. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அடுப்பு எரிய அது உதவும். வீடு கட்ட உதவாது.

எனவே வெள்ளம் வருமா வராதா என்று மாமனாரோடு வாதாட வேண்டாம், அதில் அவரும் ஜெயிக்க மாட்டார், நீங்களும் ஜெயிக்க மாட்டீர்கள். கணவரிடம் தொலைபேசியில் ஒன்றைக் கேளுங்கள்: நாளைக்கு வீடு போனால், வங்கித் தவணையையும் கட்டிக்கொண்டு 26 லட்சத்தை நாம் எங்கிருந்து புரட்டுவோம்? ஊரில் வேறு சொத்து இருக்கிறது, கடன் முடிந்துவிட்டது, கையில் பணம் இருக்கிறது என்றால் பாலிசி வேண்டாம் என்று சொல்லவும் ஒருவருக்கு உரிமை உண்டு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்கள் நிலைமை அப்படித் தெரியவில்லை.

ஒரு அடித் தண்ணீருக்கு மட்டும் என்றால் நான் பாலிசியைவிடச் செங்கலை நம்புவேன். அன்று பாலிசி இருந்திருந்தால் எழுபதாயிரத்தில் பெரும்பகுதி வந்திருக்கும் என்பது உண்மைதான், அதற்கு ஒரு மாதம் அலைந்தும் இருப்பீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தாழ்வாக இருக்கும் பிளக் பாயின்ட்டுகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியும் அதே உயரத்துக்குப் போகட்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சுவரில் ஆங்கிள் அடித்துத் தட்டு, ஃபிரிட்ஜுக்குக் கீழே இரண்டு வரிசைச் செங்கலில் ஒரு மேடை. பீரோவின் அடித்தட்டில் இனி பாத்திரம் இருக்கட்டும், துணி மேலே போகட்டும். கழிவறைத் தரை வழியாகத் தண்ணீர் எதிர்த்து வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படி வந்திருந்தால் செப்டிக் டேங்க்குக்குப் போகும் குழாயில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு ஒன்று பிளம்பரைப் போடச் சொல்லுங்கள். இவ்வளவும் அந்த எழுபதாயிரத்தில் சின்னப் பங்குக்கு முடிந்துவிடும்.

பாலிசி எடுத்த அன்றே வீட்டை அறை அறையாகக் கைபேசியில் வீடியோ எடுத்துக் கணவருக்கு அனுப்பிவிடுங்கள், சாமான் வாங்கிய பில்களையும் படமெடுத்து அனுப்புங்கள். தண்ணீர் வந்தால், வடிவதற்கு முன் சுவரில் நிற்கும் மட்டத்தை ஒரு அளவு நாடாவோடு படமெடுங்கள். உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்குங்கள், 30 நாளுக்குள் இழப்பீடு கேட்கும் படிவம் போய்விட வேண்டும். நனைந்த மெத்தையை நாற்றம் தாங்காமல் தூக்கி எறிந்துவிட்டு வெறும் கையோடு நிற்பவர்கள்தான் அதிகம். வெளியே போடுங்கள், படமெடுங்கள், ஆள் வந்து பார்க்கும் வரை அங்கேயே கிடக்கட்டும். கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தாலோ குறைத்தாலோ, முதலில் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரையிலான வழக்கை அங்கே கட்டணமோ வக்கீலோ இல்லாமல் கொண்டுபோகலாம், மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

மாமனார் வீட்டுக்கு வருகிறேன். ஒரே பாலிசியில் இரண்டு வீட்டையும் சேர்ப்பதைவிட அதற்குத் தனியாகக் கேட்பது நல்லது. கரையை ஒட்டிய பழைய ஓட்டு வீடு என்றால் கம்பெனி தயங்கும், கூரையில் கீற்று இருந்தால் இன்னும் தயங்கும், தந்தாலும் விலை கூட இருக்கும். அந்த வீட்டுக்கு நிஜமான ஆபத்து வருடா வருடம் நெருங்கி வரும் கடல் என்றால், அதற்குப் பாலிசியில் பதில் இல்லை என்று மேலே சொன்னேன். புயலில் ஓடு பறப்பதற்கும் சுவர் விழுவதற்கும் மட்டும் ஒரு மூன்று, நான்கு லட்சத்துக்கு மலிவாகக் கொடுத்தால் எடுங்கள், குறைத்து எடுத்ததற்காக வெட்ட மாட்டார்கள். விலை கூட என்றால் விட்டுவிடலாம், அவர் சொல்வதுபோலவே. அந்தப் பணத்தில் உங்கள் மாடியில் அவர்களுக்கும் ஒரு அறை எடுத்துவிட்டு, அவர் வீட்டுப் பட்டாவையும் படகுப் பதிவுச் சான்றையும் மீனவர் அட்டையையும் இப்போதே வாங்கிவந்து உங்கள் பரணில் வையுங்கள்.